வீட்டுக்குள் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்!

பாட்டுப் பதிவு என்றதும் நம் மனக்கண்ணில் வருவது என்ன? கண்ணாடி அறை, காதில் ஹெட்போன், எதிரே ஆயிரம் பொத்தான் வைத்த மேசை. இன்று அந்த மேசை முழுவதும் ஒரு மென்பொருளாகச் சுருங்கி, 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. அப்படியானால் எந்த மென்பொருள்? ஹாஸ்டலில் கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்து, ஒரு பெரிய தப்பும் செய்து நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் "எது சிறந்தது?" என்று கேட்காதீர்கள். "நான் எதைப் பதியப் போகிறேன்?" என்று கேளுங்கள். ஒரே ஒரு குரலையோ புல்லாங்குழலையோ பதிந்து, முன்னும் பின்னும் வெட்டிச் சுத்தம் செய்தால் போதுமா? அல்லது தாளம், அதன்மேல் கீபோர்டு, அதன்மேல் குரல், கோரஸ் என்று அடுக்க வேண்டுமா? இரண்டும் வேறு வேறு வேலை.

முதல் வேலைக்கு ஆடாசிட்டி போதும். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000-இல் வெளிவந்தது. முற்றிலும் இலவசம். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு, அவ்வளவுதான். மின்விசிறி இரைச்சலைக் குறைக்கவும் வழி உண்டு. பாடும் முன் இரண்டு நொடி யாரும் பேசாமல் பதியுங்கள். அந்த மௌனத்தைத் தேர்ந்தெடுத்து "இதுதான் இரைச்சல்" என்று அதற்குக் காட்டிவிட்டால், பாட்டு முழுவதிலும் அதே இரைச்சலைத் தணித்துவிடும். அளவுக்கு மீறிப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கும். அதைவிட மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்ப்பது மேல்!

இரண்டாவது வேலைக்கு ரீப்பர் என் சிபாரிசு. 60 நாள் பயன்படுத்திப் பார்க்கத் தருகிறார்கள். பிறகு தனிநபர் உரிமத்துக்கு 60 டாலர். பழைய கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடும். எங்கே வெட்டினாலும் மூலப் பதிவு அப்படியே இருக்கும். கீபோர்டில் வாசித்ததை மிடி முறையில் வைத்துக்கொண்டால் தப்பான ஒரு ஸ்வரத்தை மட்டும் பிறகு திருத்தலாம். ஆனால் வாத்திய ஒலிகள் கூடவே அதிகம் வராது. திரையும் முதல் நாள் மிரட்டும். ஆப்பிள் கணினி வைத்திருக்கும் பாக்கியவான்களுக்கு 2004-இல் வந்த கேரேஜ்பேண்ட் இருக்கிறது. இலவசம், வாத்தியங்களும் உள்ளேயே. விண்டோஸில் ஓடாது. பென் டிரைவில் சுற்றும் "கிராக்" மென்பொருள் பக்கம் மட்டும் போகாதீர்கள். வைரஸ் வந்தால் டிப்ளமா புராஜெக்டும் சேர்ந்து போகும்.

அடுக்கிப் பதியும்போது ஒரு விநோதம் நடக்கும். நாம் தாளத்தோடுதான் பாடியிருப்போம், காதில் நம் குரல் மட்டும் பின்தங்கி வரும். மென்பொருள் சரியில்லை என்று திட்டுவோம். காரணம் வேறு. நொடிக்கு 44,100 மாதிரிகளை (கம்யூனிகேஷன் பேப்பரில் படித்த அதே சாம்பிள்தான்) எடுக்கும் கணினி, அவற்றைக் கொத்துக் கொத்தாகத்தான் கையாளுகிறது. கொத்துக்கு 1024 மாதிரி என்றால் 23 மில்லி நொடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, ஆக 46. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில், ஏறக்குறைய 16 மீட்டர் தள்ளி நின்று ஒருவர் பாடுவதைக் கேட்பது போல! கொத்தை 256 ஆக்கினால் தாமதம் கால் பங்காகும். ரொம்பவும் குறைத்தால் பழைய கணினி திணறி, படபடவென்று சத்தம் வரும். புளூடூத் இயர்போன் வேண்டாம், அது தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும். பழைய ஒயர் இயர்போனே உத்தமம்.

இனி என் தப்பு. எங்க அப்பாயிக்கு நடவுப் பாட்டு நிறையத் தெரியும். வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது. சென்ற ஆண்டு நண்பனின் மடிக்கணினியை ஒரு நாள் இரவல் வாங்கி, ஆடாசிட்டியின் பழைய பதிப்பில் பதிந்தேன். அருமையாகப் பாடியது. "சேவ்" கொடுத்து, ஏ.யு.பி. என்று முடிந்த கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோப்பு வெறும் குறிப்புதானாம்; உண்மையான ஒலி பக்கத்தில் இருந்த "டேட்டா" ஃபோல்டரில். நான் வேறு கணினியில் திறந்து பார்ப்பதற்குள் நண்பன் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். அவன் மேல் குற்றமில்லை. 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பாகிவிட்டது. ஆனால் எந்த மென்பொருளானாலும் "சேவ்" வேறு, "எக்ஸ்போர்ட்" வேறு. பதிவு முடிந்த கையோடு வாவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, இரண்டு இடத்தில் வையுங்கள். ஒற்றைக் குரல் என்றால் மோனோ போதும். 16 பிட்டில் நிமிடத்துக்கு 5 எம்பி சொச்சம்தான் ஆகும்.

பொங்கல் லீவில் மறுபடி பதிந்தேன். 7 நிமிடம், 37 எம்பி. பென் டிரைவில் ஒன்று, தம்பி போனில் ஒன்று. ஆனால் முதல் தடவை பாடியதில் நடுவே வந்த நாலு அடி இதில் இல்லை. எவ்வளவு கேட்டும் அப்பாயிக்கு நினைவு வரவில்லை. "நாத்தைக் கையில புடிச்சா தானா வரும்டா, இப்படிக் கட்டில்ல உக்கார வச்சுக் கேட்டா எப்படி வரும்?" என்கிறது.