தூங்காத நியூயார்க்கும் தூங்கவிடாத வானொலியும்

1990 அக்டோபரில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக வானொலியான டபிள்யூகேசிஆரில் இரண்டு நண்பர்கள் ஒரு ஹிப்-ஹாப் நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். ஏட்ரியன் பார்ட்டோஸ் இசைத்தட்டுகளைப் பார்த்துக்கொள்வார். டிஜே ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங் என்றால்தான் ஊருக்குத் தெரியும். வாய் ஓயாமல் பேசுவது ராபர்ட் கார்சியா என்கிற பாபிட்டோ. ஜாஸுக்குப் பேர்போன அந்த நிலையம் இவர்களுக்கு ஒதுக்கிய நேரம், வியாழன் நள்ளிரவு தாண்டி 1 மணி முதல் 5 மணி வரை. வேறு யாரும் போட்டிக்கு வராத நேரம். அதுவே வசதியாகப் போயிற்று.

விளம்பரம் கிடையாது. இந்தப் பாட்டைத்தான் போட வேண்டும் என்று சொல்ல ஆளும் கிடையாது. கெட்ட வார்த்தை விஷயத்தில் அமெரிக்க ஒலிபரப்பு விதிகளும் பின்னிரவில் அவ்வளவு கெடுபிடி காட்டுவதில்லை. பேச்சு இசையோடு நிற்காது. கூடைப்பந்து, ஷூ, ஊர்க்கதை, ஒருவரையொருவர் கலாய்ப்பது என்று போகும். (பாபிட்டோவின் ஷூ மோகம் 2003இல் தனிப் புத்தகமாகவே வந்துவிட்டது.) நடுவே யாரோ ஒரு பையன் மைக் முன்னால் வந்து, ஓடுகிற தாளத்துக்கு ராப் பாடுவான். பின்னாளில் ராப் நட்சத்திரங்களான நாஸ், பிகி, வூ-டாங் கிளான் எல்லாம் இசைக் கம்பெனி ஒப்பந்தம் இல்லாத நாளிலேயே அப்படி வந்து நின்றவர்கள்தான்.

விடியும்வரை விழிக்க முடியாதவர்கள் கேசட்டில் பதிவு செய்தார்கள். அதிலும் தூக்கம் கெடும். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான். நான்கு மணி நேரத்தையும் பிடிக்க மூன்று கேசட் வேண்டும், முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து திருப்பிப் போட வேண்டும். பிறகு மேல் விளிம்பிலுள்ள பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால், வீட்டில் யாரும் அதன்மேல் வேறு பாட்டைப் பதிந்துவிட முடியாது. நம் வீடுகளிலும் நடந்த கதைதான். அப்படிப் பதிந்த கேசட்டுகள் கைமாறிக் கைமாறி, அலைவரிசை எட்டாத ஊர்களுக்கும் போயின.

இதற்கிடையே 1996இல் அமெரிக்காவில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையங்களை வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. பெரிய முதலாளிகள் வாங்கிக் குவித்தார்கள். எல்லா ஊரிலும் ஒரே பாட்டு. நண்பர்களின் நிகழ்ச்சி 1998இல் முடிந்தது. ஹிப்-ஹாப் வானொலியில் இதுவரை வந்ததிலேயே சிறந்தது இதுதான் என்று 'தி சோர்ஸ்' பத்திரிகை எழுதியதும் அதே ஆண்டில்.

இன்று அந்தக் கேசட்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. 2015இல் பாபிட்டோ இயக்க, நிகழ்ச்சியைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. 2017இல் இருவரும் மறுபடி சேர்ந்து அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரில் பாட்காஸ்ட் நடத்தினார்கள். நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பெல், பாடகர் ஸ்டீவி வொண்டர் என்று விருந்தினர்; நறுக்கித் திருத்திய தெளிவான உரையாடல். நியூயார்க் ராப் பாடகர் நோரியும் மயாமியின் டிஜே இஎஃப்என்னும் 2016 முதல் நடத்தும் 'ட்ரிங்க் சாம்ப்ஸ்' வேறு ரகம்: கோப்பையும் கையுமாக மணிக்கணக்கில் பேச்சு. பழைய ராப் சண்டைகளின் உள்கதை தெரிய வேண்டுமா, அதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். பின்னிரவு மைக்கோ பெயர் இல்லாதவர்களை நம்பியே ஓடியது. எனக்கு அந்தப் பின்னிரவுதான் உசத்தி.

1995இல் ஒரு நாள் ராப் பாடகர்களான ஹார்லெமின் பிக் எல்லும் புரூக்ளினின் ஜே-ஸியும் டபிள்யூகேசிஆரில் மாறி மாறிப் பாடினார்கள். அப்போது இருவருக்குமே முதல் ஆல்பம் வந்திருக்கவில்லை. பிக் எல் 1999இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜே-ஸி 2019இல் பில்லியனர் ஆனார். அந்தப் பதிவு யூடியூபில் இருக்கிறது. எந்தக் குரல் யாருடையது என்று பார்க்காமல் ஒருமுறை கேட்டுவிட்டு, யார் பெரிய ஆள் என்று நீங்களே சொல்லுங்கள்.