மலைக்கு அந்தப் பக்கம்

மம்சாபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலைதான். இந்தச் சரிவில் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம். அந்தச் சரிவில் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். யானைக்கு இரண்டும் ஒரே காடு. நாம்தான் செங்கோட்டையையோ குமுளியையோ சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இந்த ஊரும் யாழ்ப்பாணமும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, ஒன்பதரை பாகையை ஒட்டி. வெயிலும் புழுக்கமும் அங்கேயும் இதேதான். அந்தக் கரையில் உள்ள குருநகரிலிருந்து 1956-ல் அந்தோனி ராஜேந்திரம் என்பவர் நார்வே போய்ச் சேர்ந்தார். அந்த நாட்டில் குடியேறிய முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். எந்த அரசும் அவரைத் தூதராக அனுப்பவில்லை. போன இடத்தில் மீன் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு அங்குள்ள மக்களிடமே நன்கொடை திரட்டினார். 1960-களில் உருவான ‘சீநோர்’ அப்படி வந்ததுதான். சிலோனும் நோர்வேயும் சேர்ந்த பெயர். குருநகரில் வலை பின்னும் ஆலை, காரைநகரில் படகு கட்டும் தளம் என்று அது வேர்விட்டது.

அவர் போட்ட ஒற்றையடிப் பாதையில் படிப்புக்கும் பயிற்சிக்கும் இளைஞர்கள் கிளம்பினார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு அதுவே அகதிகளின் பாதையானது. நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில் உள்ளூர் இளைஞர்கள் தெற்கே நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. மீன் ஆலைகளுக்கு ஆள் இல்லை. அந்த இடத்தைத் தமிழர்கள் நிரப்பினார்கள். எழுபதாம் பாகையில் உள்ள ஹம்மர்ஃபெஸ்டில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்த கைகள் அப்படிப்பட்ட கரையில் நின்று மீன் வெட்டின.

அதே ஃபின்மார்க்கின் கிழக்கு ஓரம்தான் ரஷ்ய எல்லை. நீளம் 198 கிலோமீட்டர். பனிப்போர் முடிந்த கையோடு, அங்கே பகையாளிகளை ஒரே மேசையில் உட்கார வைக்கலாம் என்று நினைத்தவர் நார்வே வெளியுறவு அமைச்சர் தோர்வால்ட் ஸ்டோல்டன்பர்க். 1993 ஜனவரி 11 அன்று கிர்கனெஸ் நகரில் பாரன்ட்ஸ் கூட்டுறவு பிறந்தது. ரஷ்யாவின் பக்கம் நின்றவர் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் ஆந்திரேய் கோசிரெவ். அந்த ஆண்டு டிசம்பரிலேயே வடக்கு ரஷ்யாவின் மர்மான்ஸ்க் தொகுதியில் வென்று அவர் நாடாளுமன்றம் போனார். வடக்கு என்பது அவருக்கு வெறும் வரைபடமாக இருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பான தொகுதியாகத் தெரிந்தது என்றும் எடுத்துக்கொள்ளலாம். அரசியல்வாதி அல்லவா!

தோர்வால்டின் மகன் ஜென்ஸ் பிரதமராக இருந்தபோது, 2010-ல், பாரன்ட்ஸ் கடலில் சுமார் 1,75,000 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பற்றிய நாற்பதாண்டுத் தகராறு பேச்சிலேயே தீர்ந்தது. 2012-ல் எல்லையிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் விசா இல்லாமல் போய்வர வழி பிறந்தது. மலைக்கு அந்தப் பக்கம் போகச் சுற்றிப் போகும் நமக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

2014-ல் அதே ஜென்ஸ் நேட்டோவின் பொதுச்செயலாளர் ஆனார். 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோதும் அந்த நாற்காலியில் அவர்தான். துருவ நாடுகள் கூடும் ஆர்க்டிக் கவுன்சிலில் ரஷ்யா தவிர மற்ற ஏழு நாடுகளும் கூட்டங்களை நிறுத்திவைத்தன. 2023 செப்டம்பரில் பாரன்ட்ஸ் கூட்டுறவின் கவுன்சிலை விட்டே ரஷ்யா வெளியேறியது. தகப்பன் திறந்த கதவு மகன் காலத்தில் அடைபட்டது. மகன்மேல் பழி போட முடியாது. அடைத்தவர் மாஸ்கோவில் இருக்கிறார், அவரும் ஒரு தனிமனிதர்தான்.

ஆர்க்டிக் அரசியலை எழுதுகிறவர்கள் ஸ்டோல்டன்பர்க்குகளைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு ராஜேந்திரத்தின் கணக்கு பெரிதாகத் தெரிகிறது. அவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அதைக் கிழிக்கவும் யாருக்கும் முடியவில்லை. சீநோர் இன்று இலங்கை மீன்பிடி அமைச்சின் கீழ் உள்ள அரசு நிறுவனம், படகு கட்டுகிறது. சிலோன் 1972-லேயே ஸ்ரீலங்கா ஆகிவிட்டது. சீநோரின் முதல் எழுத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.