ஓட்டுச்சாவடியில் ஹிஜாப்: சட்டம் கேட்பது முகத்தையா, உடையையா?

2022 பிப்ரவரி 19. சேலம் மாவட்டத்தின் தறி ஊரான ஜலகண்டாபுரம் பேரூராட்சி முதல் சென்னை மாநகராட்சி வரை, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒரே நாளில் வாக்குப்பதிவு. அன்றைக்கு தேசியச் செய்தியானது மதுரை மாவட்டம் மேலூரில் உள்ள ஒரு வாக்குச்சாவடி.

ஹிஜாப் அணிந்து ஓட்டு போட வந்த பெண்ணுக்கு பா.ஜ.க. பூத் ஏஜென்ட் ஆட்சேபம் தெரிவித்தார். தி.மு.க., அ.தி.மு.க. தரப்பினர் அவரை எதிர்த்தனர். போலீஸார் அவரை வெளியே அனுப்ப, வாக்குப்பதிவு தொடர்ந்தது.

'இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா?' என்று ஐரோப்பா பல ஆண்டுகளாக விவாதிக்கிறது. நம்ம ஊர் பூத்தில் அதே கேள்வி இப்படி வருகிறது: பர்தாவோடு வரும் வாக்காளரிடம் யார், எதைக் கேட்கலாம்?

ஹிஜாப் வேறு, நிகாப் வேறு

ஹிஜாப் தலையை மட்டுமே மூடும், முகம் தெரியும். அடையாள அட்டையோடு ஒப்பிடுவதில் சிக்கலே இல்லை. நிகாப் முகத்தையும் மறைக்கும். அங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது.

வாக்காளர் பட்டியலில் முஸ்லிம் பெண்களின் போட்டோ இடம்பெறுவது மத உரிமையை மீறுகிறது என்று ஒரு வழக்கு தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் அதைத் தள்ளுபடி செய்தது. 2010-ல் உச்ச நீதிமன்றமும் அந்த வாதத்தோடு உடன்படவில்லை. ஆக, ஓட்டு போட முகம் காட்டித்தான் ஆக வேண்டும்.

யாரிடம் காட்டணும்?

இதற்குத் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலில் பதில் இருக்கிறது. பர்தா அணியும் பெண்கள் அதிகம் உள்ள பூத்தில், தனி மறைவிடத்தில் பெண் அலுவலர் சரிபார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஏஜென்ட்டுக்குச் சந்தேகம் வந்தால்? சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் 2 ரூபாய் கட்டி, 'இவர் அந்த வாக்காளர் இல்லை' என்று ஆட்சேபிக்கலாம். முடிவெடுப்பவர் தலைமை வாக்குச்சாவடி அலுவலர். உடையைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் ஏஜென்ட்டுக்குக் கிடையாது.

மேற்கில் என்ன நிலவரம்?

பிரான்ஸ் 2010-ல் சட்டம் போட்டு, பொது இடங்களில் முகத்தை மூடுவதையே தடை செய்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014-ல் அதை ஏற்றது. பிரிட்டன் வேறு வழியில் போனது. 2023-ல் இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தலில் போட்டோ அடையாள அட்டை கட்டாயமானபோது, மறைவான இடத்தில், முடிந்தவரை பெண் ஊழியரே முகத்தைச் சரிபார்க்க ஏற்பாடு வந்தது. கிட்டத்தட்ட நம்மூர் வழி.

அப்போ மதம்தான் தடையா?

வரலாறு அவ்வளவு நேர்கோடாக இல்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள துருக்கியில் பெண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டுரிமை 1934-லேயே வந்தது. பிரான்ஸ் கொடுத்தது 1944-ல். சுவிட்சர்லாந்து 1971 வரை காக்க வைத்தது. மறுபக்கம், மன்னராட்சி நடக்கும் சவுதி அரேபியாவில் பெண்கள் முதன்முதலில் ஓட்டு போட்டது 2015 உள்ளாட்சித் தேர்தலில்தான். ஒரே மதம், இரண்டு கதை. வித்தியாசம் ஆட்சிமுறையில் இருக்கிறது.

கள்ள ஓட்டைத் தடுப்பது நியாயம். அதற்கு முகம் பார்ப்பதும் நியாயம். ஆனால் பத்துப் பேர் முன்னால் உடையைப் பற்றிக் கேள்வி கேட்டால், அந்தப் பெண் ஓட்டு போடாமலே வீடு திரும்பிவிடலாம். அவரோடு சேர்ந்து வரிசையில் நிற்கும் இன்னும் சிலரும் போய்விடலாம். மறைவுத் துணியும் ஒரு பெண் அலுவலரும் இருந்தால், கள்ள ஓட்டும் விழாது, நல்ல ஓட்டும் போகாது.