விலை உயர்ந்த பைனாகுலர்: கூடுதல் பணம் எங்கே பலன் தருகிறது?

துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியானாலும் கழுத்தில் தொங்கும் பைனாகுலரானாலும், 10,000 ரூபாய்க் கருவிக்கும் 2 லட்சம் ரூபாய்க் கருவிக்கும் இடையே வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தென்படுவதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை எடுக்க வருபவர், சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதைக் கருவியில் வைத்துச் சோதித்து அறிந்து, அதற்கேற்ப விலையை எடைபோட முடிகிறது. லென்சுக்கோ கடைத்தெருவில் அப்படியோர் உரைகல் கிடையாது. ஆகவே, கூடுதலாகக் கொடுக்கும் பணம் எந்தப் பாகத்துக்குப் போகிறது, அதன் பலன் எந்தச் சூழ்நிலையில் கண்ணுக்குத் தெரிகிறது என்ற இரண்டையும் வாங்குபவரே தெரிந்துவைத்திருக்க வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி துப்பாக்கிக்காரர்களைவிடப் பறவை பார்ப்பவர்களுக்கே அதிகம் பொருந்துகிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கு இடமில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றோர் பங்கேற்கும் ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளிலும் உருப்பெருக்கிக் காட்டும் தொலைநோக்கிக்கு அனுமதி இல்லை. மறுபுறம், காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வழியாகச் சென்றால் கரிக்கிலி, வேடந்தாங்கல் ஆகிய இரண்டு ஏரிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டுமே 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றவை. இவற்றுள் வேடந்தாங்கல், படைவீரர்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர்மக்கள் முறையிட்டு, 1798-இலேயே அன்றைய ஆட்சியரிடம் பாதுகாப்பு உத்தரவு பெற்ற ஊராகும்.

இரண்டு எண்கள் சொல்லும் செய்தி

ஒவ்வொரு பைனாகுலரின் மீதும் 8x42, 10x25 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம், அதாவது பொருளை எத்தனை மடங்கு அருகில் இருப்பதுபோல் காட்டுகிறது என்பது. இரண்டாவது எண், பார்க்கும் பொருளை நோக்கியிருக்கும் முன்புற லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 8x42-இல் 5.25 மி.மீ., 10x25-இல் 2.5 மி.மீ. மட்டுமே. நல்ல வெயிலில் கண்ணின் பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் சிறிய ஒளிவட்டமே போதுமானதாகிறது. பொழுது சாயும்போது பாவை விரியும் நிலையில் அதே சிறிய வட்டம் காட்சியை மங்கலாக்கிவிடுகிறது. ஏரியில் பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்புவதும், இராக்கொக்குகள் இரைதேடக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான் என்பதால், இந்த வகுத்தல் கணக்கு பெட்டியிலுள்ள எல்லா விளம்பரங்களையும்விட முக்கியமானது.

உருப்பெருக்கம் கூடக்கூடக் கையின் நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகிறது, பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகுகிறது. 10 மடங்குக்கு மேற்பட்ட கருவியைத் தாங்கி இல்லாமல் நிலையாகப் பிடிப்பது பலருக்குக் கடினம். ஆகையால் 60x60, 100x என்றெல்லாம் அச்சிட்டு மலிவாக விற்கப்படும் கருவிகளையும், பளபளக்கும் சிவப்புப் பூச்சு கொண்ட லென்சுகளையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

பணம் போகும் இடங்கள்

விலையின் முதற்பங்கு பூச்சுக்குப் போகிறது. பூச்சற்ற கண்ணாடியில் ஒளி நுழையும் அல்லது வெளியேறும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு எதிரொளித்து வீணாகிறது. குழலொன்றில் அத்தகைய பரப்புகள் 10 இருப்பதாகக் கொண்டால், கடைசியில் கண்ணை அடைவது 66 விழுக்காடு ஒளியே. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா 1935-இல் உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு, பின்னாளில் பலவடுக்குப் பூச்சாக வளர்ந்து, பரப்பொன்றின் இழப்பை அரை விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தது. அதே 10 பரப்புகளைக் கடந்து இப்போது 95 விழுக்காடு ஒளி வந்துசேர்கிறது. ஆயினும் இத்தகைய பூச்சு இன்று நடுத்தர விலைக் கருவிகளிலும் கிடைக்கிறது என்பதையும், 90-க்கும் 95-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண் எளிதில் உணர்வதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது பங்கு கண்ணாடியின் தரத்துக்கு உரியது. சாதாரண லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் சற்றே வெவ்வேறு இடத்தில் குவிப்பதால், வெளிச்சமான வானத்தின் முன் இருக்கும் பொருளின் விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கோடு படர்கிறது. இது நிறப்பிறழ்ச்சி எனப்படும். நத்தைகுத்தி நாரையின் மேலலகுக்கும் கீழலகுக்கும் இடையே ஒரு சிறிய இடைவெளி உண்டு, குஞ்சுகளுக்கு அது இராது. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பறக்கும் நாரையிடம் அந்த இடைவெளியைத் தேடும்போது, மலிவான லென்சின் ஊதா விளிம்பு அதை மூடி மறைத்துவிடக்கூடும். ஈ.டி. என்று குறிக்கப்படும் குறை ஒளிப்பிரிகைக் கண்ணாடி இந்தக் குறையைப் பெருமளவு போக்குகிறது.

மூன்றாவது பங்கு பிரிஸத்துக்கும் பொறியமைப்புக்கும் செல்கிறது. தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்துவதற்காக இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற பிரிஸ அமைப்பு, தோள் புடைத்த பழைய வடிவப் பைனாகுலர்களில் இன்றும் பயன்படுகிறது. குறைந்த விலையில் தெளிவான காட்சி தருவது அதுவே. நேர்க்குழல் வடிவத்தில் உள்ள கூரைப் பிரிஸம் கச்சிதமானது என்றாலும், அதைத் துல்லியமாகக் கடைவதற்கும் கூடுதல் பூச்சிடுவதற்கும் செலவு அதிகம். இரண்டு குழல்களும் ஒரே திசையை நோக்கிப் பிசகாமல் இருப்பதும் அவசியம். பிசகினால் கண்கள் தாமாகவே அதைச் சரிசெய்ய முயன்று, சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கிவிடும். துப்பாக்கித் தொலைநோக்கியில் இந்தப் பங்கு இன்னும் பெரியது: ஒவ்வொரு வெடியின் உதைப்பையும் தாங்கிக் குறி நகராமல் நிற்க வேண்டும், திருகியை ஒரு சொடுக்கு நகர்த்தினால் 100 மீட்டரில் 1 செ.மீ. மட்டுமே மாற வேண்டும் என்பதால், அங்கு விலையின் கணிசமான பகுதி இயந்திர நம்பகத்துக்கே கொடுக்கப்படுகிறது.

நம் ஊர்த் தட்பவெப்பத்தில் நான்காவதாக ஒன்றையும் கருத வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரக்காற்று கருவிக்குள் புகுந்தால் லென்சில் பூஞ்சை படர்ந்து, பூச்சையே அரித்துவிடும்; உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட கருவியில் அந்த ஆபத்து குறைவு. அடைப்பில்லாத கருவியை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்துக் காப்பாற்றலாம்.

யாருக்கு எது

விலைக்கும் தரத்துக்குமான உறவு நேர்கோட்டில் ஏறுவதில்லை. 3,000 ரூபாய்க் கருவியிலிருந்து 12,000 ரூபாய்க் கருவிக்குப் போகும்போது கிடைக்கும் முன்னேற்றம் எவர் கண்ணுக்கும் தெரியும், அங்கிருந்து ஈ.டி. கண்ணாடி கொண்ட 30,000 அல்லது 40,000 ரூபாய்க் கருவிக்குப் போகும்போது, பழகிய கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அதற்குமேல் 2 லட்சத்தைத் தாண்டும் ஐரோப்பியக் கருவிக்குப் போகும்போது, பார்வைப் பரப்பின் ஓரம்வரை நீளும் கூர்மை, மங்கிய ஒளியில் நிறங்களின் துல்லியம், நாள் முழுவதும் பார்த்தாலும் சோர்வடையாத கண், பல ஆண்டுகள் பழுதுபார்த்துத் தரும் உத்தரவாதம் ஆகியவையே எஞ்சிய ஆதாயங்கள். கணக்கெடுப்பு நடத்தும் ஆய்வாளருக்கும் அன்றாடம் விருந்தினரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கும் இவை வருமானத்தோடு தொடர்புடையவை. பருவத்துக்கு இரண்டு மூன்று முறை குடும்பத்தோடு ஏரிக்குச் செல்பவருக்கு 8x42 அளவில் நம்பகமான தொடக்கநிலைக் கருவியே போதும், மாதந்தோறும் செல்பவருக்கு நடுத்தர விலை ஈ.டி. கருவி நியாயமான எல்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர், கண்ணுக்கும் கருவிக்கும் இடையே குறைந்தது 15 மி.மீ. தொலைவிலும் முழுக் காட்சி தெரிகிறதா என்பதை விலைக்கு முன்னரே பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் செய்யத்தக்க சோதனைகளும் எளியவையே. கருவியைக் கை நீட்டி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் கண்ணருகு லென்சில் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாகத் தெரிந்தால் பிரிஸம் மலிவானது. வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரத்தின் கலசங்களை வெறும் வானத்தின் பின்னணியில் பார்த்தால், நிறப்பிறழ்ச்சி இருப்பின் விளிம்பில் உடனே தெரிந்துவிடும். சூரியன் இருக்கும் திசைப்பக்கம் மட்டும் கருவியைத் திருப்பவே கூடாது. பின்னர் கோபுரத்துச் சுதைச் சிற்பமொன்றைத் தொடர்ந்து 5 நிமிடம் பார்த்து, கண் இழுக்கிறதா என்று கவனிக்கலாம். பகல் 11 மணிக்குக் கடை வாசலில் எல்லாக் கருவிகளும் ஏறத்தாழ ஒரே காட்சியைத்தான் காட்டும் என்பதால், இரண்டு வெவ்வேறு விலைக் கருவிகளை மாலை 6 மணி வெளிச்சத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் வேறுபாடு தெரியாதவர் மலிவானதை வாங்கிக்கொண்டு போவதில் எந்த நட்டமும் இல்லை.