கார் வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்!

மாம்பழ சீசன் முடிந்து கையில் நாலு காசு சேர்ந்துவிட்டால் போதும். தேவதானப்பட்டி, பெரியகுளம் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். "பிள்ளைகளை இடுப்புல வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் பஸ்ஸுக்கு நிக்கிறது? சின்னதா ஒரு காரு வாங்கிப் போடுவமா?"

வாங்கலாம், தப்பில்லை. ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால் தேனிக்கு ஓடுவதற்கு வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்பது எத்தனை ஆறுதல் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால் முன்பணத்துக்கு என்று வரும்போது, பெரும்பாலும் பாங்குக்குப் போவது நம் கழுத்துச் சங்கிலியும் கைவளையலும்தான். நகை நம்முடையது, தவணை கட்ட மாதாமாதம் மிச்சம் பிடிப்பதும் நாம்தான். அப்படியிருக்க, ஷோரூமில் மட்டும் "அதெல்லாம் ஆம்பளைங்க விவகாரம்" என்று ஜூஸைக் குடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்?

எல்லா வியாபாரிகளும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. நேர்மையாக விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் சந்தையில் கால் கிலோ கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், ஆறு லட்ச ரூபாய்ச் சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

விலை ஒன்று, கொடுப்பது ஒன்று

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது 'எக்ஸ்-ஷோரூம்' விலை. ஜி.எஸ்.டி. வரி அதிலேயே அடக்கம். சின்னக் கார்களுக்கு இந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய பழைய விலைப்பட்டியலை நீட்டினால் ஏற்காதீர்கள்.

இதற்கு மேல் நியாயமாகச் சேருவது ஆயுட்கால சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டாக் ஆகியவை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட கணக்குப்படி, 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம் சாலை வரி, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். ஆறு லட்ச ரூபாய்க் காருக்கு 78,000 ரூபாய் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போகலாம்.

வம்பு வருவது இதற்குப் பிறகுதான். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று சில ஆயிரம், 'ஆக்சஸரீஸ் கிட்' என்று சில ஆயிரம் சீட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பேச்சு இப்படித்தான் போகும்:

"தம்பி, இந்த ஹேண்ட்லிங் சார்ஜுன்னா என்னப்பா?"

"அது எல்லாருக்கும் போடறதுதாங்க்கா."

"எதுக்குப் போடறது? வண்டியைக் கொண்டாந்து நிறுத்துற செலவு விலையிலேயே சேர்ந்துதானே இருக்கு? அரசாங்கத்துக்குக் கட்டுற பணம்னா ரசீது குடு. இல்லாட்டி அந்த வரியை அடிச்சிடு."

இவ்வளவு கேட்டாலே பாதி இடங்களில் அந்த வரி மறைந்துவிடும். சீட் உறை, கால்மிதி, பம்பர் கம்பி எல்லாம் நம் இஷ்டம். "கிட் வாங்கினாத்தான் வண்டி டெலிவரி" என்றால், அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

ஸ்கூட்டர் வாங்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இருசக்கர வண்டியோடு தரமான ஹெல்மெட் தர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. கேட்டு வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்

"எங்ககிட்ட எடுத்தாத்தாங்க்கா தள்ளுபடி" என்பது அடுத்த பாட்டு. ஷோரூம்காரர் தம்மிடம்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ஆம் வருட வழிகாட்டுதல். புதுக் காருக்கு மூன்று வருட 'தேர்டு பார்ட்டி' இன்ஷூரன்ஸ் 2018 செப்டம்பர் முதல் சட்டப்படி கட்டாயம். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாலிசியை வருடா வருடம் எடுத்துக்கொள்ளலாம். போவதற்கு முன் வேறு இரண்டு கம்பெனிகளில் விலை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கார் வைத்திருந்து அதை மாற்றிப் புதுசு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. நஷ்ட ஈடு கேட்காமல் ஓட்டிய வருடங்களுக்குக் கிடைக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' பழைய வண்டிக்குச் சொந்தமல்ல, வண்டிக்காரருக்குச் சொந்தம். சேதத்துக்கான பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை குறையும் இந்தச் சலுகையைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். நாம் கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

"ஏழு பெர்சென்ட்தாங்க்கா வட்டி!"

கடனில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. ஐந்து லட்சம் கடன், ஐந்து வருடம், 7 சதவீத 'ஃபிளாட்' வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 35,000 வீதம் வட்டி 1,75,000. மாதத் தவணை 11,250. கட்டி முடிக்கும்போது 6,75,000 ஆகியிருக்கும்.

அதே ஐந்து லட்சத்தை, கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் 9 சதவீத வட்டி என்று வாங்கினால் தவணை சுமார் 10,380. மொத்தம் ஏறத்தாழ 6,22,750. காதுக்கு ஏழு குறைவாகவும் ஒன்பது அதிகமாகவும் கேட்கிறது. ஆனால் ஏழுக்கு வாங்கினவர் ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய் அதிகம் கட்டுகிறார்! குறையும் பாக்கிக் கணக்கில் பார்த்தால் அந்த ஏழு, உண்மையில் பன்னிரண்டரை சதவீதத்துக்குச் சமம்.

2024 அக்டோபர் 1 முதல், கடன் கொடுக்கும் பாங்கும் பைனான்ஸ் கம்பெனியும் 'முக்கிய விவர அறிக்கை' என்று ஒரு தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் உத்தரவு. மற்றக் கட்டணங்களையும் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்பது அதில் இருக்கும். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் முடிந்து ஓய்வாக உட்கார்ந்து படியுங்கள். "இன்னிக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த வட்டி" என்று அவசரப்படுத்துகிற இடத்தில் நிதானம் அவசியம்.

புதுசு என்று சொன்னதெல்லாம் புதுசா?

கோவாவில் ஒருவர் 2011-ஆம் வருட மாடல் காருக்குப் பணம் கட்டினார். டீலர் தள்ளிவிட்டதோ 2009-இல் தயாரானது. 622 கிலோமீட்டர் ஓடியும் இருந்தது. அவர் விடவில்லை. நுகர்வோர் மன்றத்தில் ஆரம்பித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டீலர் தனியாக வாங்கி விற்கிறவர், இந்த விற்பனை விவரம் கம்பெனிக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை, ஆகவே தயாரித்த டாடா மோட்டார்ஸ் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. நமக்கு இதில் பாடம் இருக்கிறது. புகார் எழுதும்போது பெரிய கம்பெனியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. பில் போட்டு விற்ற டீலரின் பெயர் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

புகாருக்கே இடம் கொடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது. பதிவுக்கு அனுப்புவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், நமக்கென்று ஒதுக்கிய வண்டியைக் கண்ணால் பாருங்கள். 'படிவம் 21' என்ற விற்பனைச் சான்றிதழில் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். அதிலுள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். மீட்டரில் நூற்றுக்கணக்கில் கிலோமீட்டர் ஓடியிருந்தால், 'டெஸ்ட் டிரைவ்' வண்டியா என்று நேராகவே கேளுங்கள்.

பழைய கார் வாங்கினால்

மீட்டரைத் திருப்பி வைப்பது பழைய தந்திரம். 'முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, டாக்டர் வச்சிருந்த வண்டி' என்பார்கள். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து, ஸ்டீயரிங் வழவழவென்று இருந்தால் அந்த முப்பதாயிரத்தை நம்ப முடியாது. வண்டி நம்பரைக் கொடுத்து, கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். கால்மிதியைத் தூக்கி மோந்து பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. வெள்ளம் புகுந்த வண்டியை என்னதான் கழுவினாலும் முடை நாற்றமும், சீட் போல்ட்டுகளில் துருவும், இடுக்குகளில் சேறும் காட்டிக்கொடுத்துவிடும். நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல. சீட் பெல்ட்டுகள் பிடிக்கின்றனவா, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் உட்காரப் போகிற வண்டி அல்லவா!

பழைய கார் வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை 'எம்-பரிவாகன்' செயலியில் பார்க்கலாம். கடன் தீர்ந்திருந்தால் பைனான்ஸ்காரரின் தடையில்லாச் சான்றும் 35-ஆம் படிவமும் கைக்கு வர வேண்டும். பெயர் மாற்ற 29, 30-ஆம் படிவங்கள். இன்ஷூரன்ஸையும் பதினாலு நாளைக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுக்க வேண்டும்.

நம் பழைய வண்டியை விற்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். "வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க, பேரு மாத்துறது மெதுவாப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். 2007-இல் வண்டியை விற்றுவிட்ட ஒருவர் பெயர் ஆர்.சி.யில் அப்படியே இருந்தது. பிறகும் கை மாறிய அந்த வண்டி 2009-இல் விபத்துக்குள்ளானது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏமாந்துவிட்டால்?

"போனது போச்சு, நம்ம தலையெழுத்து" என்று மூலையில் உட்கார வேண்டாம். முதலில் டீலருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. அடுத்தது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1986-இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2019-இல் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் புதுச் சட்டத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. மதுரையில் வாங்கினாலும் சரி, திண்டுக்கல்லில் வாங்கினாலும் சரி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தேவதானப்பட்டிக்காரர்கள் தேனிக்குப் போனால் போதும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் காகிதம்தான். பால் கணக்கு எழுதும் நோட்டுப் போல ஒரு நோட்டுப் போடுங்கள். யாரிடம் பேசினோம், என்ன தேதி, என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்பண ரசீது, விலைச்சீட்டு, விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்றையும் அழிக்காதீர்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் பாங்க் மூலமே செலுத்துங்கள்.

புது வண்டி வந்ததும் இந்தப் பக்கத்தில் முதலில் போய் நிற்பது மூங்கிலணை காமாட்சியம்மன் கோவில் வாசலில். அங்கே சந்நிதிக் கதவு திறப்பதில்லை, மூடிய கதவுக்கே பூஜை. அம்மனை அப்படி நம்பலாம். வியாபாரத்தை மட்டும் திறந்து பார்த்து, படித்துப் பார்த்து, கேட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்னால், பில்லின் கடைசி வரி வரைக்கும் ஒரு தடவை நீங்களே படித்துவிடுங்கள்!