உங்களுக்குத் தெரியுமா? தட்டை மாற்றினால் கரையும் கல்லும் உண்டு

நாய் அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கிறதா? ரத்தம் கலந்திருக்கிறதா? சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். எல்லாக் கல்லும் ஒன்றல்ல. பெண் நாய்களிடம் அதிகம் காணப்படும் ஸ்ட்ரூவைட் கல் பெரும்பாலும் கிருமித்தொற்றால் உருவாவது. ஆன்டிபயாடிக்குடன், கல் கரைப்பதற்கென்றே தயாரித்த உணவையும் கொடுத்தால் பல நேரம் கத்தி படாமலே சில வாரங்களில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்ஸலேட் கல் எந்த உணவுக்கும் கரையாது. டால்மேஷன் நாய்களுக்குப் பிறவியிலேயே சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம். அதுவே கல்லாகலாம் என்பதால் அவற்றுக்கு ஈரலும் மத்தி மீனும் ஆகாது.

சித்தூர்ப் பக்கம் ராகி சங்கடியில் (களியில்) ஓர் உருண்டையை நாய்க்கும் வைப்பவர்கள் கவனிக்கவும்: ராகியில் கால்சியமும் ஆக்ஸலேட்டும் உண்டு. ஆக்ஸலேட் கல் வந்த நாய்க்கு அதைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கல் எதுவானாலும் தண்ணீர்தான் முதல் மருந்து. சாப்பாட்டை உப்பில்லாமல், நிறைய நீர் விட்டுத் தளரப் பிசைந்து வையுங்கள்.

கல்லின் வகை தெரியாமல் உணவை மாற்றாதீர்கள். அதை மருத்துவரிடம் காட்டி அறியுங்கள்; சித்தூர்ப் பக்கத்தவருக்குத் திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இப்போது அது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆண் நாய்க்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல், உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.