டியூசன் எடுக்கலாம் வாங்க!



எரியோடு, வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய்மார்கள் நம்மில் பலர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை உட்கார வைத்துப் படிப்புச் சொல்ல நேரம் ஏது? அதே தெருவில் பிளஸ் டூ, டிகிரி முடித்துவிட்டு, ‘வேலை கிடைக்கலையே’ என்று நம் மகள்களும் மருமகள்களும் வீட்டில் இருக்கிறார்கள். இந்த இரு தரப்பையும் சேர்த்து வைக்க நம் குழுவால் முடியும்.

‘நமக்கு வருமா?’ என்ற தயக்கம் வேண்டாம். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாலையில் சொல்லிக்கொடுத்த சுமார் 2 லட்சம் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். 5-ம் வகுப்பு வரை எடுக்க பிளஸ் டூ போதுமானதாக இருந்தது. அதில் இருந்தவர்கள் அந்த அனுபவத்தைத் தாராளமாகச் சொல்லலாம். மேலும், 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவுப்படி பள்ளி ஆசிரியர்கள் தனி டியூசன் எடுக்கக் கூடாது.

எப்படி ஆரம்பிப்பது?

1. நோட்டீஸ் அடிக்க வேண்டாம். குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். முதலில் நாலு பிள்ளைகள் போதும்.

2. முதல் நாள் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். 5-ம் வகுப்புப் பிள்ளை 2-ம் வகுப்புப் பாடத்தில் தடுமாறினால் அங்கிருந்தே தொடங்குங்கள். தேதி போட்டு நோட்டில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் தாயின் முன்னால் வாசிக்க வையுங்கள். ‘பர்ஸ்ட் ரேங்க் வாங்க வைக்கிறேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை வாசிப்பதைக் கேட்ட தாய் இன்னும் இரண்டு பேரிடம் சொல்வார்.

3. ‘நம்ம அக்கா பிள்ளைதானே’ என்று பீஸ் பேசாமல் விட்டால் பின்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஒரு கணக்குப் பார்ப்போம். 10 பிள்ளைகள், ஆளுக்கு 200 ரூபாய் என்றால் 2,000. கரண்டு, சாக்பீஸ் 200 போக 1,800. தினம் 2 மணி நேரம், 26 நாள். மணிக்கு 35 ரூபாய்கூட வரவில்லை! இதிலும் இரண்டு பேர் பாக்கி வைத்தால்? எனவே தொகையையும் தேதியையும் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடியுங்கள். கஷ்டப்படும் வீட்டுக்குக் குறைப்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

4. வகுப்பு நேரத்தில் வாசல் கதவு திறந்தே இருக்கட்டும். பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

5. பெஞ்சு வாங்கக் கடன் எடுக்காதீர்கள். பாய், கரும்பலகை, நல்ல லைட் போதும்.

அடுத்த கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: யாரால் சொல்லித்தர முடியும்? யார் பிள்ளைக்குத் தேவை? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.